ஊமை மோட்டாரின் கடைசி நாலு நிமிடம்

சேவுகனைப் பற்றிச் சொல்ல வந்தால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் பெயர் இன்னாசி. சொந்த ஊர் குளத்தூர் பக்கம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டாம் வருஷம் திருமயத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். ஆப்பரேட்டர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு புரொஜக்டர். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும் வரைக்கும் விளக்கைப் போட்டுவிட வேண்டும். கேபினுக்குள் புரொஜக்டருக்கு வெளிச்சமாக எரியும் கார்பன் குச்சியின் சூட்டில் நான் வெந்துகொண்டிருப்பேன். வெளியே தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடு கட்டி, அதன்மேல் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்துகொண்டு, அரை நிமிஷம் தாமதமானால் என் வம்சத்தையே விசாரிப்பார்கள்.

சேவுகன் அந்தக் கொட்டகையின் நோட்டீஸ் வண்டிக்காரன். என் வயதுதான். இரட்டை மாட்டு வண்டி, இரண்டு பக்கமும் படத் தட்டி, உள்ளே ஒரு தமுக்கு, நோட்டீஸ் கட்டு, தகரத்தில் செய்த நீளக் குழாய் ஒன்று. வண்டியையும் அவனே ஓட்டுவான், தமுக்கையும் அவனே அடிப்பான், குழாயை வாயில் வைத்து அவனே கத்துவான். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு குரல். திருமயம் கோட்டைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

"அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! நமது திருமயத்தில் இன்று முதல்! கண்ணீரும் சிரிப்பும் கலந்த காவியம்! குடும்பத்துடன் வாரீர்! காணத் தவறாதீர்!"

எந்தப் படம் வந்தாலும் இதுதான். பேய்ப் படத்துக்கும் இதே கண்ணீர், இதே சிரிப்பு. காரணம், அவன் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. காலையில் கிளம்பிப் பத்து ஊர் சுற்றிவிட்டு வந்து சேரும்போது விளக்கு வைத்திருக்கும். மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டிவிட்டு வண்டிக்கு அடியிலேயே சாய்ந்துவிடுவான். எட்டு வருஷம் இப்படிப் பார்க்காத படங்களைப் புகழ்ந்தே பிழைத்தான்.

அவன் பெண்சாதி ராசாத்தி. திருவரங்குளத்துப் பெண். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. நாள் முழுக்க ஊருக்குப் பேசிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் வாயைத் திறக்கவே தோன்றாது. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவான். சோறு போதுமென்றால் கையைக் காட்டுவான். குரலைச் சேமிக்கிறானாம். நானே பல தடவை பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். கட்டிக்கொண்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஐம்பத்தாறு தையில் ஒருநாள் அவன் செம்பைக் காட்டினான். அவள் எடுக்கவில்லை.

"குடும்பத்தோட வாங்க, குடும்பத்தோட வாங்கன்னு ஊரையெல்லாம் கூப்பிடுறீங்களே. என்னைக்காச்சும் ஒங்க குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் அவன் செம்பைத்தான் காட்டினான். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் ஆயிற்று. மாசி வந்தது. அப்போதுதான் ‘ஊமை மோட்டார்’ படப்பெட்டி வந்து இறங்கியது.

இன்றைக்கு அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. கத்திச் சண்டை இல்லை, சாமி இல்லை, வில்லன்கூட இல்லை. ஒரு பழைய மோட்டார் காரைப் பட்டணத்திலிருந்து நாகர்கோவிலில் இருக்கும் ஒரு பணக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய மெக்கானிக் ஒருவன். அவனால் ரயிலைத் தவறவிட்டுவிட்டு, அதே ஊருக்குப் பாட்டு டீச்சர் வேலைக்குப் போக வேண்டிய பெண் ஒருத்தி. துணைக்கு அவளுடைய அத்தை. இந்த அத்தை பின் சீட்டில் படம் முழுக்கத் தூங்குவாள். நடுநடுவே விழித்து, "திருச்சி வந்துருச்சா?" என்பாள். திருச்சி தாண்டி, மதுரை தாண்டி, திருநெல்வேலியில் வண்டி நிற்கும்போதும் அதே கேள்விதான். நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

காரில் ஹாரன் வேலை செய்யாது. அதுதான் கதையே. எதிரில் மாடு வந்தால், வண்டி வந்தால், பக்கத்தில் இருக்கிற அவள்தான் தலையை வெளியே நீட்டிக் கத்த வேண்டும். "என் தொண்டை பாட்டுக்கு இருக்கிறது, எருமைக்கு இல்லை" என்று அவள் முதலில் முறுக்கிக்கொள்வாள். எருமைக் கூட்டம் நடு ரோட்டில் படுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், சுருதி சேர்த்து ஸ்வரம் பாடுவாள். எருமைகள் எழுந்து ஒதுங்கும். அவன் கைதட்டுவான். அவளுக்குக் கோபம் வந்துவிடும். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். "மாடு", "ஆடு", "சைக்கிள்" என்று அவள் சொல்வது மட்டும்தான். அந்த மூன்று வார்த்தையிலேயே அவள் மனசு மாறிக்கொண்டு வருவது நமக்குத் தெரிந்துவிடும். என்ன அழகான வேலை! யார் எழுதினார்களோ, எங்கே போனார்களோ.

எங்கள் ஊரில் பாதிப் பேர் படத்தில் வரும் புளியமரச் சாலை நம்ம புதுக்கோட்டை ரோடுதான் என்று அடித்துச் சொன்னார்கள். மீதிப் பேர், "ரெண்டு பேரு உக்காந்து சண்டை போடுறதைப் பாக்க டிக்கெட்டு எதுக்கு? அது வீட்டுலயே நடக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாளே கூட்டம் சரிந்துவிட்டது. முதலாளி சேக் அலாவுதீன் தலையில் கையை வைத்துக்கொண்டார். அடுத்த படப்பெட்டி வெள்ளிக்கிழமைதான் வரும் என்பதால் வியாழக்கிழமை வரைக்கும் இதையே ஓட்டித் தொலைக்க வேண்டியிருந்தது.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திரையில் தாலி ஏறியதும் சனம் எழுந்துவிடும். மணலைத் தட்டிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். அதற்குமேல் ஓட்டினால் கார்பன் குச்சிதான் வீண். அதனால் கெட்டிமேளம் கேட்டதும் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவோம். நான் மட்டுமில்லை, நான் அறிந்த எந்தக் கொட்டகையிலும் இதுதான். முதலாளியின் உத்தரவும் இதுதான்.

படப்பெட்டி வந்த அன்று, சனத்தை உள்ளே விடுவதற்கு முன்னால் கடைசி ரீலை மட்டும் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். ஊர் ஊராக அடிபட்டுக் கிழிந்து வருவது அந்த ரீல்தான். அன்றும் போட்டேன். படம் முழுக்கக் கீறல், திரையில் மழை கொட்டுவது போல. தாலி கட்டும் வரைக்கும் அதே மழை. தாலி கட்டி முடிந்ததும் மழை நின்றுவிட்டது! படம் பளிச்சென்று, புதுசாக, கழுவித் துடைத்தது போல ஓடுகிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் புரிந்தது. இத்தனை ஊரிலும் எந்த ஆப்பரேட்டரும் அதற்குமேல் ஓட்டவே இல்லை.

அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு சேவுகன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கையில் டீ கிளாஸ். அவனும் நானும் மட்டும் அந்த நாலு நிமிஷத்தைப் பார்த்தோம்.

கல்யாணம் முடிந்து அதே காரில் இரண்டு பேரும் திரும்பி வருகிறார்கள். மெக்கானிக் ஹாரனைச் சரிசெய்துவிட்டான். பாம் பாம் என்று அழுத்திக் காட்டுகிறான். அவள் தலையாட்டுகிறாள். அதன்பிறகு அவளுக்கு வேலை இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள். பேச்சு இல்லை. அவன் அவளைப் பார்க்கிறான், ரோட்டைப் பார்க்கிறான், மறுபடி அவளைப் பார்க்கிறான். தூரத்தில் ஒரு ஆட்டுக்கூட்டம். வண்டியை நிறுத்தி இறங்குகிறான். எஞ்சின் மூடியைத் திறந்து ஹாரன் வயரைப் பிடுங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்காருகிறான். அழுத்துகிறான். சத்தம் இல்லை. "போச்சு!" என்று முகத்தைத் தொங்கப் போடுகிறான். அவள் தலையை வெளியே நீட்டிப் பாடுகிறாள். ஆடுகள் ஒதுங்குகின்றன. ஆட்டுக்கூட்டத்தைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். சுபம்.

சேவுகனின் டீ ஆறிப்போயிருந்தது.

"இன்னொரு தடவை போடு மாப்ள."

"குச்சி ஒன் மாமனார் வீட்டுலருந்தா வருது? போய் மாட்டைப் பாரு."

போகவில்லை. அன்று முதல் ஆட்டத்தை முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தான். மறுநாளும், அதற்கு மறுநாளும் பார்த்தான். எட்டு வருஷத்தில் அவன் பார்த்த முதல் படம், அதையும் மூன்று தடவை. தாலி கட்டியதும் நான் நிறுத்திவிடுவேன்; அவன் மட்டும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான்.

திங்கட்கிழமை ராசாத்தியின் அண்ணன் உடையப்பனிடமிருந்து கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்வோம், வந்து சேரவும் என்று நாலே வரி. தீர்த்துக்கொள்வது என்றால் கல்யாணத்தைத்தான். சேவுகன் கார்டை எடுத்துக்கொண்டு கேபினுக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவ இந்தப் படத்தைப் பாக்கணும் மாப்ள. அந்தக் கடைசி நாலு நிமிஷத்தைப் பாக்கணும். அதைத்தான் நான் அவகிட்டச் சொல்லணும். எனக்குச் சொல்ல வராது. படம் சொல்லிரும்."

"வியாழக்கிழமையோட பெட்டி போயிரும்டா."

"வியாழக்கிழமைக்குள்ள கூட்டியாந்துர்றேன். நீ மட்டும் நிறுத்தாம ஓட்டு. சத்தியம் பண்ணு."

மாதா மேல் சத்தியம் செய்தேன். அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

முதலாளி வண்டியைக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் சும்மா கொடுப்பாரா? "போற வழியெல்லாம், வார வழியெல்லாம் ஊருக்கு ஊரு கத்திக்கிட்டுப் போகணும். வண்டி எனக்குத்தான் ஓடணும்" என்றார். சேவுகன் புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினான். திருமயத்திலிருந்து புதுக்கோட்டை பன்னிரண்டு மைல், அங்கிருந்து திருவரங்குளம் ஐந்து மைல். சொன்ன சொல் தவறாமல் வழியில் இருந்த அத்தனை ஊரிலும் கத்திக்கொண்டே போயிருக்கிறான். கிழக்கே போகப்போக, பதினைந்து மைலுக்கு அங்கிட்டு இருக்கும் கொட்டகைக்கு யார் வரப்போகிறார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ராசாத்தி எனக்குச் சொன்னாள். ஒரு தடவையா இரண்டு தடவையா, நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை விடியற்காலை அவள் வாசலில் வண்டி நின்றது. "அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே!" என்று தெருவே எழுந்துவிட்டது. உடையப்பன் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"மச்சான், நாளைக்குப் பேச்சு வச்சிருக்கு. இன்னிக்கு எதுக்கு வந்து தமுக்கடிக்கிறீங்க? பதினேழு மைலு போயி எவன் ஒங்க படத்தைப் பாப்பான்?"

சேவுகன் குழாயை இறக்கவே இல்லை. "ஒரே ஒரு டிக்கெட்டு! இன்று கடைசி! அது ராசாத்திக்கு! குடும்பத்துடன் வாரீர்! நானும் கூட வாரேன்!"

அவள் வெளியே வரவில்லை. சேவுகன் நிறுத்தவும் இல்லை. கோயிலைச் சுற்றி நாலு தெருவிலும் வண்டியை ஓட்டி ஓட்டி அதையே கத்தினான். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடின. அடுப்பில் சோற்றை வைத்த பெண்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முந்தின நாள் முழுக்கக் கத்திய தொண்டை அது. ஒரு மணி நேரம் தாங்கியது. ஐந்தாவது சுற்றில் அவள் வீட்டு வாசலில் நின்று அவன் குழாயை வாயில் வைத்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

"குரலு இருந்த வரைக்கும் ஊரையே கூப்பிட்ட மாதிரித்தாண்ணே இருந்துச்சு. காத்து மட்டும் வந்தப்பதான் என்னையக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு" என்பாள் ராசாத்தி.

தலையை வாரிக்கொண்டு வெளியே வந்து அண்ணனிடம், "படத்தைப் பாத்துட்டு வந்துர்றேன். நாளைக்குப் பேச்சுக்கு இங்கிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

புதுக்கோட்டை தாண்டும் வரைக்கும் பேச்சே இல்லை. அவனால் முடியாது, அவளுக்கு வீம்பு. நமணசமுத்திரத்தில் அவன் வண்டியை நிறுத்தித் தமுக்கை அடித்தான். முதலாளிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. சனம் கூடியது. குழாயை எடுத்து மூச்சைப் பிடித்து ஊதினான். புஸ் என்றது. கூட்டம் சிரித்துவிட்டது. இன்னொரு தடவை முயன்றான். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிரக் குரல் வரவில்லை. ராசாத்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழாயை வெடுக்கென்று பிடுங்கினாள். அகல வாயை வாயில் வைத்துக்கொண்டு தலைகீழாகப் பிடித்திருந்தாளாம். அவன் திருப்பிக் கொடுத்தான்.

"என்னத்தைச் சொல்றது? எனக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நானே இன்னிக்குத்தான் பாக்கப் போறேன். நாலு வருசத்துல மொதத் தடவையா இந்த மனுசன் என்னையக் கூப்பிட்டிருக்காரு. நல்லா இருந்தா நல்லது. இல்லாட்டி எல்லாருமாச் சேந்து இவரை வைவோம். வாங்க, போவோம்!"

எந்தக் காவியத்துக்கும் அசையாத நமணசமுத்திரம் இதற்கு அசைந்தது. ஆறு வண்டி கட்டிக்கொண்டு பெண்கள் பின்னால் வந்தார்கள். வழியில் இன்னும் நாலு வண்டி சேர்ந்தது. அதோடு அவளுக்கும் வாய் திறந்துவிட்டது. எதிரில் பஸ் வந்தால் கத்துவாள், மாடு வந்தால் கத்துவாள். சேவுகன் ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பானாம். எதற்குச் சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை முதல் ஆட்டத்துக்குப் பெண்கள் பக்கம் நிரம்பிவிட்டது. ‘ஊமை மோட்டார்’ ஓடிய ஏழு நாளில் கொட்டகை அதிர்ந்து சிரித்தது அன்றுதான். "திருச்சி வந்துருச்சா?" என்று அத்தை மூன்றாம் தடவை கேட்பதற்குள் பெண்களே முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்கள். கேபின் ஓட்டை வழியாக ராசாத்தியைத் தேடிப் பார்த்தேன். மடியில் முறுக்கு அப்படியே இருந்தது. தின்ன மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ரீலை மாட்டினேன். படக் கம்பெனி ஆள் ஒருவன் கேபினில் என் முதுகிலேயே நின்றான். கடைசி நாள் என்பதால் அன்று அந்த ஒரு ஆட்டம்தான்; முடிந்ததும் பெட்டி மதுரை பஸ்ஸில் ஏறியாக வேண்டும். "சீக்கிரம் சார், பஸ் வந்துரும் சார்" என்று உயிரை வாங்கினான். திரையில் கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. சனம் எழுந்தது.

நான் நிறுத்திவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. எட்டு வருஷமாகக் கெட்டிமேளம் கேட்டால் நிறுத்திய கை. மனசு வருவதற்குள் கை போய்விட்டது. விளக்கு எரிந்ததும்தான் எனக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து சேவுகன் எழுந்து கையை வீசிக்கொண்டு ஓடி வருகிறான். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. குரல் மட்டும் இருந்திருந்தால் "ஓட்டு மாப்ள!" என்று ஒரு சத்தம் போட்டிருப்பான், அடுத்த நிமிஷமே மறுபடி ஓட்டியிருப்பேன். கூட்டத்தைப் பிளந்து அவன் கேபினுக்கு வருவதற்குள் கம்பெனி ஆள் ரீலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டான். ரோட்டில் மதுரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. கெஞ்சினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

சேவுகன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ராசாத்தி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "கடைசியில என்னமோ இருக்கு இருக்குன்னு வழியெல்லாம் கையைக் காட்டிக்கிட்டு வந்தாரு. என்னண்ணே அது?"

நான் வாயைத் திறந்தேன். சேவுகன் என் கையைப் பிடித்து அழுத்தினான், சொல்லாதே என்று. அவனே எழுந்து நின்று அந்த நாலு நிமிஷத்தையும் நடித்துக் காட்டினான். ஸ்டீரிங்கைத் திருப்பினான், இறங்கினான், மூடியைத் திறந்தான், எதையோ பிடுங்கிப் பையில் போட்டான், ஆடு மாதிரி குனிந்து நடந்தான்.

"என்ன, கோழியப் பிடிச்சுக் கொழம்பு வைக்கிறாங்களா?" என்றாள் அவள்.

சேவுகன் திகைத்து நின்றான். அவள் சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்து சிரித்தாள். நாலு வருஷமாக அவளுக்காக ஒரு வார்த்தை பேசாதவன், வார்த்தையே இல்லாமல் அன்றைக்குத்தான் பேசினான் என்று நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். "நாளைக்குப் புதுப்படம். இவனுக்குக் குரலு இல்லை. எவன்டா கத்துவான்?"

ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கத்துறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை திருவரங்குளத்துப் பெரியவர்கள் உச்சி வரைக்கும் காத்திருந்து எழுந்து போனார்கள். சனிக்கிழமை உடையப்பன் கோபமாகத் திருமயத்துக்கு வந்தார். கடைவீதியில் தகரக் குழாயில் தங்கச்சி குரல் கேட்டு அப்படியே நின்றார். வண்டி அவரைத் தாண்டிப் போனபோது சேவுகன் ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டு, அன்று படமும் பார்த்துவிட்டு ஊருக்குப் போனார்.

வைத்தியர் ஒரு மாதம் கத்தக் கூடாது என்றார். ஒரு மாதம் இரண்டாயிற்று, ஒரு வருஷம் ஆயிற்று. மெதுவாகப் பேச முடிந்தது; கத்த மட்டும் முடியவில்லை என்றான். வீட்டில் மெதுவாகப் பேசினால் போதுமே. பேசினான் பாருங்கள், எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் ருசி, எந்த ஊர் நாய் மாட்டைத் துரத்தும் என்று எட்டு வருஷத்துப் பேச்சையும் அவளிடம் கொட்டினான். ஊருக்குக் கத்துவது அவள் வேலையாகிவிட்டது. அவள் பொய்யும் சொல்லமாட்டாள். "படம் சுமாருதான், ஆனா ரெண்டு பாட்டு நல்லாருக்கு" என்று கத்துவாள். முதலாளி குதிப்பார். ஆனால் அவள் நல்ல படம் என்று சொன்னால் கொட்டகை நிரம்பிவிடும். பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வண்டிக்குள்ளேயே ஏணை கட்டினார்கள்.

ஐம்பத்தெட்டில் ஒரு மத்தியானம், சைக்கிளில் கண்மாய்க்கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். கரையில் வண்டி நின்றது. ராசாத்தி பிள்ளையோடு ஊருக்குள் போயிருந்தாள். அவிழ்த்துவிட்ட செவலைக் காளை கண்மாயின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது.

"ஏ செவலே! வாடா இங்கிட்டு!"

கண்மாயே அதிர்ந்தது. கொக்குகள் பறந்தன. அதே குரல், ஒரு கீறல்கூட இல்லாமல், கழுவித் துடைத்தது போல. நான் சைக்கிளை நிறுத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஊர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தான்.

"வயரை எந்தப் பையில வச்சிருக்கே மாப்ள?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். இரண்டு வருஷமாக என் நெஞ்சில் இருந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது. அவளுக்கு அந்த நாலு நிமிஷம் தெரியாது. தெரியாததால்தான் அவனால் அதை வாழ முடிந்தது. என் தப்பும் ஒரு நல்லதுக்கு ஆயிற்று என்று நானே எனக்கு மன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன்.

அறுபத்துநாலில் முதலாளி ஒரு பழைய வேனும் மைக் செட்டும் வாங்கினார். இனிமேல் கத்த வேண்டாம், மெதுவாகப் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும். "சேவுகா, இனிமே நீயே பேசலாம். ராசாத்தி வீட்டுல இருக்கட்டும்" என்றார். சேவுகன் மைக்கை வாங்கி, ஒரு செருமல் செருமி, தொண்டையில் மணலைப் போட்டு அரைத்தது போல இரண்டு வார்த்தை பேசினான். முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். மைக் ராசாத்தி கைக்குப் போனது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

வேனுக்குப் பின்னால் நோட்டீஸ் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள்.

"சிரிக்காதீங்கண்ணே. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு தெரியும். மொத மாசத்துலயே தெரியும். தூக்கத்துல ‘குடும்பத்துடன் வாரீர்’னு கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரிக் கத்துவாரு. பக்கத்து வீட்டுக்காரவுக எந்திரிச்சு வந்துருவாங்க. நான்தான் ரேடியோன்னு சொல்லிச் சமாளிப்பேன்."

"அப்புறம் ஏந்தாயி கேக்கலை?"

"கேட்டா என்னைய வண்டியிலருந்து எறக்கிவிட்டுருவாருல்ல?" என்றாள். நோட்டீஸ் கட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தப் படத்துல கடைசியில என்னதாண்ணே வரும்?" என்று கேட்டாள்.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. படம் திரும்ப வரவே இல்லை. எத்தனையோ கம்பெனி ஆட்களிடம் விசாரித்துவிட்டேன். அப்படி ஒரு படமா என்றுதான் கேட்டார்கள். இனி சொன்னால் என்ன? சொன்னேன். ஹாரனைச் சரிசெய்ததை, அவள் சும்மா உட்கார்ந்திருந்ததை, அவன் வயரைப் பிடுங்கியதை, எல்லாவற்றையும் சொன்னேன். ராசாத்தி நோட்டீஸ் கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு அது தெரியாதாண்ணே?"

"தெரியாது. அவ பாட்டுக்கு வெளியே தலையை நீட்டிப் பாடுவா. ஆட்டுக்கூட்டத்தைப் பாத்துச் சிரிப்பா. அதோட சுபம்."

ராசாத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஆட்டைப் பாத்து எவளாச்சும் சிரிப்பாளாண்ணே?" என்றாள்.

வேன் முன் சீட்டில் சேவுகன் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் போய் ஏறிக்கொண்டாள்.